கரண்டு இல்லாத கம்பி

ஜூன் 3

தம்பிக்கு அக்கா எழுதுவது.

பெரிய பேரனுக்குக் கப்பல் கட்டும் கம்பெனியில் வரைபடப் பிரிவில் வேலை கிடைத்துவிட்டது. நூற்றுப் பன்னிரண்டு பேர் பரீட்சை எழுதினார்கள். நான்கு பேரை எடுத்தார்கள். அதில் மூன்றாவது பெயர் இவனுடையது. நடுவிலாள் ஒன்பதாவது முடித்துவிட்டாள். அறிவியலில் தொண்ணூற்றெட்டு. மீதி இரண்டு மார்க் எங்கே போயிற்று என்று நானே பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கேட்டேன். கையெழுத்துக்காகக் குறைத்தார்களாம். கடைக்குட்டி வாலுவுக்கு நீளம் தாண்டுவதில் முதல் பரிசு. பன்னிரண்டடி தாண்டியவன் மேடைப் படியில் தடுக்கி விழுந்து, எழுந்து போய் வாங்கிக்கொண்டான். நடுவிலாளும் வாலுவும் பரிசு வாங்க மேடை ஏறிய அன்று போட்டிருந்த வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டுத் துருக்கறை உண்டா என்று இந்தத் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார். என் கொடியில் காய்ந்த துணி அது.

இதையெல்லாம் உனக்கு எழுத வேண்டும் என்று எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் என் பேரப்பிள்ளைகள் எப்பேர்ப்பட்டவர்கள் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். அதில் ஒருத்தியைத்தான் உன் வேலை கொல்லப் பார்த்தது.

அன்றைக்குப் போனில் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் வைத்துவிட்டாய். பிறகு எத்தனை தடவை கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் அது அங்கேயே கிடக்கும். முழுசாகப் படி.

மே மாதம் பதினோராம் தேதி, காலை பத்து மணி. நடுவிலாள் துணி எடுக்கப் பின்பக்கம் போனாள். தரையெல்லாம் ஈரம். காலில் செருப்பு இல்லை. வாஷிங் மிஷின் மூடியில் கையை வைத்தாள். "பாட்டி" என்று அரைச் சத்தம்தான் வந்தது. நான் திரும்பிப் பார்த்தபோது கை மூடியோடு ஒட்டிக்கொண்டு உடம்பு உதறுகிறது. மருமகள் ஓடிப்போய் மெயினை அணைத்தாள். நான் பார்த்துக் கட்டிவைத்த மருமகள், புத்தி அந்த நேரத்தில் வேலை செய்தது. ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்திருந்தார்கள். உள்ளங்கை வெந்துவிட்டது. மற்றபடி பிழைத்தாள்.

மறுநாள் எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் வந்தார். மிஷினுக்குள் எலி கடித்து வயர் வெளியே தெரிந்ததாம். "எலி எல்லா வீட்லயும்தாங்க கடிக்குது. எர்த் கம்பி இருந்தா மிஷின்ல ஏறுற கரண்டு மண்ணுக்குள்ள இறங்கிடும், ஃபியூஸ் போயிடும், ஆளுக்கு ஒண்ணும் ஆகாது. இந்த வீட்ல எர்த்தே இல்லையே! யாரு செஞ்ச வயரிங் இது?" என்று கேட்டார். வாசலில் எட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். என் தம்பி என்று நான் பத்தொன்பது வருஷமாகச் சொல்லி வைத்திருக்கிறேன் அல்லவா, எட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள்.

உன்னைப் படிக்க வைக்கத்தான் நான் ஐந்தாவதோடு நின்றேன் என்று போனில் சொன்னேன். அதைத் திரும்பவும் சொல்கிறேன். அதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை.

எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும். என் வீட்டுக்கு எர்த் போட்டாயா, இல்லையா?

அக்கா


ஜூன் 9

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. முழுவதும் படித்தேன். பிள்ளைகளைப் பற்றிய செய்திகளில் மகிழ்ச்சி. நடுவிலாளின் கைக்குப் புதுத் தோல் வந்துவிட்டதா என்று எழுதவும்.

போனைக் கோபத்தில் வைக்கவில்லை. கை நடுங்கியது. ரிசீவரைப் பிடிக்க முடியவில்லை.

உங்கள் கேள்விக்குப் பதில்: எர்த் போட்டதாகத்தான் ஞாபகம். ஆனால் அந்த மாதம் ஒரே நேரத்தில் மூன்று வீட்டு வேலை பார்த்தேன். எந்தப் பள்ளத்தை எந்த வீட்டில் வெட்டினேன் என்று படுத்தபடி யோசித்தால் மூன்று வீடும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. என் ஞாபகத்தை நம்பி ஒரு பிள்ளையின் உயிரை வைக்க முடியாது. இல்லை என்று உங்கள் எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்கிறார். நான் பார்க்காமல் உண்டு என்கிறேன். நியாயப்படி அவர் சொல்வதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

என்னிடம் ஒரு பழைய நோட்டு இருக்கிறது. நான் முழு வயரிங் செய்த வீடுகள் அதில் உள்ளன. மொத்தம் அறுபத்து மூன்று. இப்போது ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கிறேன். ஒரு பல்பின் ஒரு முனையை லைனிலும் மறுமுனையை எர்த்திலும் வைத்தால், எர்த் சரியாக இருந்தால் பளிச்சென்று எரியும். இதுவரை இருபத்தேழு வீடு. இருபத்தேழிலும் எரிந்தது. ஒரு வீட்டில் அந்த அம்மா கதவைப் பாதி திறந்து, "எங்க வீட்ல ஒண்ணும் ரிப்பேர் இல்லையே" என்றார். "வீடு இல்லம்மா, ஆளுதான் ரிப்பேர்" என்றேன். பாவம், தண்ணீர் கொடுத்தார்.

மீதி முப்பத்தாறையும் பார்த்து முடித்ததும் தொழிலை விடுகிறேன். என் வயர்மேன் லைசென்ஸ் ஆகஸ்ட் 31 வரைதான். இந்தத் தடவை புதுப்பிக்கப் போவதில்லை. கையில் அந்தப் பல்பு மட்டும்தான் இருக்கிறது. கருவிப் பையைப் பரண்மேல் வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் தம்பி


ஜூன் 16

தம்பிக்கு,

மதிப்பிற்குரிய அக்கா அவர்களா? உனக்கு மூக்கு சிந்திவிட்டவள் நான். தண்ணீர் வரி ஆபீசுக்கு மனு எழுதுகிற மாதிரி 'தங்கள், உங்கள்' என்று எழுதியிருக்கிறாய். இன்னொரு தடவை இப்படி எழுதினால் கடிதத்தைப் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

கை நடுங்கியது என்ற வரியை மருமகளை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னேன். உன் கையெழுத்து புரியாமல் இல்லை.

லைசென்ஸை விடுவதாவது! நீ அந்தப் பரீட்சையில் தேறிய அன்று நான் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனேன், அந்த வாய் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நாளைக்கு யாராவது "உங்க தம்பி என்ன பண்றாரு?" என்று கேட்டால், பல்பு பிடிக்கிறான் என்று சொல்லவா? ஆனால் எர்த் போடாதவனுக்கு லைசென்ஸ் எதற்கு என்றும் ஒரு மனது கேட்கிறது. மறைக்காமல் எழுதுகிறேன். எனக்கு இன்னும் ஆறவில்லை.

நடுவிலாள் கை பரவாயில்லை. இளஞ்சிவப்பாகத் தோல் வந்திருக்கிறது. அவளுக்குப் பத்தாவதில் இந்தப் பாடம்தான் வருகிறதாம். என்னிடம் சொல்லிக் காட்டுகிறாள். மொட்டைமாடித் தொட்டி நிரம்பியிருந்தால் கீழே குழாயில் தண்ணீர் சீறும், தொட்டியில் கால்வாசிதான் என்றால் அழுதுகொண்டே வரும், தெரியும்தானே. அதைச் சொல்லிவிட்டு, "கரண்டும் அப்படித்தான் பாட்டி. அழுத்தம் கூடின இடத்துல இருந்து குறைஞ்ச இடத்துக்கு ஓடப் பார்க்கும். அன்னைக்கு மேல மிஷின் இருந்துச்சு, கீழ ஈரத் தரை இருந்துச்சு. நடுவுல குழாயா நான் நின்னேன்" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முறுக்கித் திறந்த குழாயைப் பார்த்தால்கூட இப்போது ஓடிப்போய் மூடிவிடுகிறேன்.

பள்ளிக் கண்காட்சிக்கு ஏதோ செய்கிறாள். காகிதக் குழாய்மேல் முடி போன்ற செம்புக் கம்பியை நானூறு சுற்று சுற்ற வேண்டும். கட்டுப்போட்ட கையால் அவளால் முடியாது என்று நான் உட்கார்ந்தேன். இருநூற்று முப்பதில் பக்கத்து வீட்டுக்காரி வந்து "என்ன எண்ணுறீங்க?" என்று கேட்டுக் கெடுத்தாள். திரும்ப ஒன்றிலிருந்து. சுற்றி முடித்து இரண்டு முனையையும் முள் ஆடும் ஒரு மீட்டரில் கொடுத்து, காந்தத்தை உள்ளே விட்டாள். முள் துள்ளியது. வெளியே இழுத்தாள், மறுபக்கம் துள்ளியது. பாட்டரி இல்லை, பிளக் இல்லை! அப்படியே உள்ளேயே வைத்துப் பிடி, நன்றாகப் பார்க்கிறேன் என்றேன். உள்ளே சும்மா வைத்தால் முள்ளும் படுத்துவிட்டது. "ஏதாவது ஒண்ணு அசையணும் பாட்டி. காந்தம் இல்லேன்னா சுருள். ரெண்டும் உட்கார்ந்திருந்தா ஒண்ணும் வராது" என்றாள்.

நீ அங்கே உட்கார்ந்திருக்கிறாய், நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். இந்தத் தடவை நான் அசைந்ததாக வைத்துக்கொள்.

அவள்தான் இதைக் கேட்கச் சொன்னாள்: "கரண்டு தாத்தா எங்க புதைச்சாருன்னு கேளுங்க பாட்டி. புதைச்சிருந்தா இன்னும் அங்கதானே இருக்கும்?" எந்த இடம் என்று எழுது. தோண்டிப் பார்த்துவிடுகிறோம்.

அக்கா


ஜூன் 23

அன்புள்ள அக்காவுக்கு,

திட்டியது நல்லதாயிற்று. நீ திட்டினால்தான் உன் வீடு எனக்குத் தனியாக ஞாபகம் வருகிறது.

கண்ணை மூடிக்கொண்டு வாசலிலிருந்து உள்ளே நடந்தேன். இடது கைப்பக்கம் மெயின் போர்டு. அதன் அடியிலிருந்து எர்த் கம்பி புறப்படுகிறது. எட்டாம் நம்பர் என்கிற தடித்த செம்புக் கம்பி, மேலே உறை எதுவும் கிடையாது, வெறும் கம்பி. பக்கச் சுவரோடு இடுப்பு உயரத்தில் பின்பக்கம் வரை போகும். அடிக்கு ஒரு கிளிப் அடித்திருப்பேன். துணி துவைக்கும் கல்லுக்கும் சாக்கடைக்கும் நடுவில், சுவரிலிருந்து இரண்டரை அடி தள்ளி, கீழே இறங்கும். அங்கே ஆறடிப் பள்ளம். நடுவில் இரும்புக் குழாய், சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டது. மேலே ஒரு சிமென்ட் மூடி.

நீ அப்போது வந்து நின்று, "கரியையும் உப்பையும் கொட்டி யாருக்குடா சமைக்கிற?" என்று கேட்டாய். அதை எழுதும்போதுதான் தைரியம் வருகிறது. வேறு வீட்டில் அதை யாரும் கேட்டிருக்க முடியாது.

ஆனாலும் தோண்டிப் பார். மூடி இருக்கிறதா, குழாய் இருக்கிறதா என்று பார்த்தபடியே எழுது. என் மனம் நோகும் என்று எதையும் மாற்றி எழுதாதே. நாற்பத்தொன்பது வீடு பார்த்துவிட்டேன். எல்லாம் எரிகிறது. உன் வீடு ஒன்று இல்லையென்றால் மற்றதெல்லாம் எரிந்து எனக்கு என்ன?

இன்னொன்று. நீ ஐந்தாவதோடு நின்றது எனக்காக. அதை ஒரு நாளும் நான் மறந்ததில்லை. நீயும் மறக்க விட்டதில்லை. அன்று போனில் நடுங்கியதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

தம்பி


ஜூலை 14

அன்புள்ள தம்பிக்கு,

பெரியவனுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. வாலுவை மாவட்டப் போட்டிக்கு அனுப்புகிறார்கள். நடுவிலாளின் சுருளைப் பார்த்த அறிவியல் ஆசிரியை, இவ்வளவு நெருக்கமாக யார் சுற்றியது என்று கேட்டாராம். எழுதலாம், இன்னும் நிறைய இருக்கிறது. ஆனால் இவற்றை எழுதிக்கொண்டே போனால் எழுத வேண்டியதை எழுதாமல் தாளை முடித்துவிடுவேன் என்று எனக்கே தெரிகிறது.

மூன்று வாரமாகப் பதில் போடாததற்குத் தபால்காரர் காரணம் இல்லை.

உன் கடிதம் வந்தபோது நான் பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கையில் ஈரப் போர்வை, ஒரு கையில் கடிதம். செம்புக் கம்பி, உறை கிடையாது, இடுப்பு உயரம் என்று படித்ததும் போர்வை கையிலிருந்து விழுந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். என் தலைக்கு மேலே பொன் மாதிரி பளபளவென்று ஓடிக்கொண்டிருந்தது உன் எட்டாம் நம்பர் கம்பி.

ஏழு வருஷத்துக்கு முன் வீட்டுக்கு வெள்ளை அடித்தோம். பக்கச் சுவரில் இந்தக் கம்பி ஒன்று பிரஷ்ஷுக்கு இடைஞ்சலாக இருந்தது. வெள்ளை அடிக்க வந்தவரிடம் டெஸ்டர் இருந்தது. "இதுல கரண்டு வருதான்னு பாருங்க" என்றேன். வைத்துப் பார்த்து, "ஒண்ணும் வரலம்மா" என்றார். சாயங்காலம் ஒரு தடவை பார்க்கச் சொன்னேன், மறுநாளும் பார்க்கச் சொன்னேன். வரவே இல்லை. கரண்டு வராத கம்பிக்குச் சுவரில் என்ன வேலை? இரண்டு பக்கமும் வெட்டி எடுத்தேன். எதைக் கொண்டு வெட்டினேன் தெரியுமா? நீ வயரிங் முடித்துவிட்டு மறந்து போன உன் கட்டிங் பிளேயர்.

பழைய இரும்புக் கொடி துணியெல்லாம் கறையாக்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிவிட்டு இதைக் கட்டினேன். ஒரு பொட்டுத் துருப்பிடிக்கவில்லை. வாரம் ஒருமுறை எலுமிச்சைத் தோலால் தேய்த்துத் துடைப்பேன். அக்கம்பக்கத்தில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறேன். உனக்குக்கூடப் பெருமையாக எழுதினேனே, என் கொடியில் காய்ந்த துணி என்று.

மகன் தோண்டினான். மூடி இருந்தது. குழாய் இருந்தது. கரி இன்னும் கறுப்பாகவே இருக்கிறது. குழாயில் ஒரு சாண் கம்பி, போர்டுக்கு அடியில் ஒரு சாண் கம்பி, நடுவில் சுண்ணாம்புக்குள் உன் கிளிப்புகள் வரிசையாக. "செம்புக்கு ஆசைப்பட்டு எவனோ திருடிட்டாம்மா" என்றான் மகன். "பட்டப்பகல்ல வீட்டுக்குள்ள வந்து வெட்டியிருக்கானே!" என்றாள் மருமகள். பக்கத்து வீட்டுக்காரி தன் வீட்டில் பித்தளைக் குடம் காணாமல் போனதை அதோடு சேர்த்துவிட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. நான்கு நாள். அந்த நான்கு நாளும் துணி அந்தக் கொடியில்தான் காய்ந்தது. யாரும் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் சமையலறையில் நடுவிலாளிடம் வேறு யாருக்கோ கேட்பது மாதிரிக் கேட்டேன். "ஏம்மா, அந்தத் திருடன் வெட்டின கம்பியில கரண்டே வராதாமே. வராத கம்பி இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

அடுப்பில் குக்கர் இருந்தது. அதைக் காட்டினாள். "விசில் பக்கத்துல இந்தச் சின்ன வால்வு இருக்கே, இது தினமும் என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்யல. வாங்கினதுல இருந்து சும்மாதான் உட்கார்ந்திருக்கு."

"பிடுங்கி எறிஞ்சிடுவீங்களா?"

"ஐயோ, விசில் அடைச்சுக்கிட்டா ஆவி எங்க போகும்? வெடிச்சிடாதா!"

"அவ்வளவுதான் பாட்டி. எர்த்துல கரண்டு வராம இருக்கிறதுதான் நல்லது. வரக் கூடாத இடத்துக்கு வந்துட்ட அன்னைக்கு அது போறதுக்கு ஒரு வழி வேணும்."

குக்கர் விசில் அடித்தது. அடுப்பை அணைத்தேன். பிறகு அவள் கையைப் பிடித்துப் பின்பக்கம் கூட்டிப்போய்க் கொடியைக் காட்டினேன். பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என்ன சொன்னாள் தெரியுமா? "அதான் பாட்டி என் யூனிபார்ம்ல மட்டும் கறையே இல்ல" என்றாள். சொல்லிவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். அந்த இளஞ்சிவப்பு உள்ளங்கை என் முதுகில் பட்டது. தம்பி, அவள் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

மகனிடமும் மருமகளிடமும் அன்றே சொன்னேன். பிறகு தெரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். அந்த எட்டுப் பேரையும் கூப்பிட்டேன். அன்று பார்த்தவர்கள் எல்லாம் இதையும் பார்க்க வேண்டும் அல்லவா. கொடிக்குக் கீழே நின்று, "என் தம்பி போட்டான், நான் வெட்டினேன்" என்று சத்தமாகச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரி மட்டும், "அப்போ என் குடம்?" என்று கேட்டாள்.

எலக்ட்ரீஷியன் கம்பியைத் தொட்டுப் பார்த்து, இப்போதே மாட்டித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். மிஷினை அவிழ்த்து ஓரமாக வைத்தாயிற்று. துணியெல்லாம் நான்தான் துவைக்கிறேன். என் தம்பி வந்து கட்டும் வரை துவைப்பேன்.

உன் வேலையில் குறை இல்லை. நான் உன்னைச் சொன்னது தப்பு. எனக்கு இப்படி எழுதிப் பழக்கம் இல்லை, அதனால் சின்னதாக இருக்கிறது.

அக்கா


ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு,

அந்தக் கட்டிங் பிளேயரைப் பத்தொன்பது வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். என்னோடு வேலை செய்த ஒரு நல்ல மனிதரைச் சந்தேகப்பட்டு இரண்டு வருஷம் பேசாமல்கூட இருந்தேன். இப்போது போய் அவரிடம் வேறு மன்னிப்புக் கேட்க வேண்டும்.

உன் கடிதத்தை இரண்டு நாள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். என் கை தப்புச் செய்யவில்லை என்று தெரிந்ததும் துள்ளிக் குதிப்பேன் என்று நினைத்திருந்தேன். குதிக்கவில்லை. காரணத்தை எழுதுகிறேன், கோபப்படாதே.

பள்ளத்துக்குள் நான் கரி போட்டுக்கொண்டிருந்தபோது, "யாருக்குடா சமைக்கிற?" என்று கேட்டுவிட்டு நீ இன்னொன்றும் கேட்டாய். அந்தக் கம்பியைக் காட்டி, "இது எதுக்குடா?" என்றாய். நான் என்ன பதில் சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? "அது ஒண்ணும் இல்லக்கா, சும்மா இருக்கும், விடு" என்றேன்.

அறுபத்து மூன்று வீட்டிலும் அந்தக் கேள்வி வந்திருக்கிறது. எல்லா வீட்டிலும் நின்று விளக்கிச் சொல்லியிருக்கிறேன். பள்ளிக்கூட வாத்தியார் வீட்டில் படம் வரைந்து காட்டினேன். உனக்கு மட்டும் சொல்லவில்லை. ஐந்தாவது படித்தவளுக்கு இது எங்கே ஏறப்போகிறது என்று நினைத்துவிட்டேன். எனக்காக நின்ற படிப்பை வைத்தே உன்னை எடை போட்டேன். நீ வெட்டியது ஏழு வருஷத்துக்கு முன். நான் அதற்கும் பன்னிரண்டு வருஷம் முன்பே வெட்டிவிட்டேன்.

ஆகவே லைசென்ஸ் விஷயத்தில் என் முடிவில் மாற்றம் இல்லை. கம்பியைச் சரியாகக் கட்டுவது பாதி வேலை. மீதியை நான் செய்யவில்லை.

ஆகஸ்ட் 10 ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். கொடியை நீ கழற்ற வேண்டாம். வளைந்து போகும். நானே கழற்றிக்கொள்கிறேன். மிஷின் பக்கம் யாரும் போக வேண்டாம்.

தம்பி


ஆகஸ்ட் 18

அன்புள்ள தம்பிக்கு,

கண்காட்சியில் நடுவிலாளுக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு எரிமலை செய்த பையனுக்கு. சமையல் சோடாவும் வினிகரும் பொங்கி வழிந்ததற்கு முதல் பரிசாம். இவள் பிளக் இல்லாமல் கரண்டு எடுத்துக் காட்டினாள், அதற்கு இரண்டாவது. நான் தலைமை ஆசிரியரைப் பார்க்கப் போகிறேன். வாலு மாவட்டத்தில் ஐந்தாவது. அவனைப் பற்றி இப்போதைக்கு அவ்வளவு போதும். பெரியவன் வேலை நிரந்தரமானபின் வந்த முதல் சம்பளத்தில் எனக்கு ஒரு கண்ணாடி வாங்கி அனுப்பியிருக்கிறான். இந்தக் கடிதம் அதைப் போட்டுக்கொண்டு எழுதுவது. எழுத்து வரிசையாக இருக்கிறதா பார்.

நீ வந்து போனதிலிருந்து மிஷின் ஓடுகிறது. கொடியின் இடத்தில் வாலு நைலான் கயிறு கட்டினான். இரண்டு போர்வை போட்டால் நடுவில் தொங்கித் தரையைக் கூட்டுகிறது. இருக்கட்டும். சுவரில் அந்தக் கம்பி ஓடுவதைப் போகும்போதும் வரும்போதும் பார்க்கிறேன். தேய்ப்பதை மட்டும் விட முடியவில்லை. எலுமிச்சைத் தோல் போடலாம்தானே?

அன்று நீ எல்லாம் கட்டி முடித்துவிட்டுப் பல்பை என் கையில் கொடுத்து, "நீயே வச்சுப் பாருக்கா" என்றாய். மகன் நின்றான், மருமகள் நின்றாள், அந்த எலக்ட்ரீஷியனும் வந்து நின்றார். ஆனால் என் கையில் கொடுத்தாய். பல்பு எரிந்தபோது உன் முகத்தை நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு நீ கண்ணைத் துடைத்தாய்.

எலக்ட்ரீஷியன் கம்பியைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "எட்டாம் நம்பர்! இப்பல்லாம் யாருங்க இதைப் போடறாங்க" என்றாரே, அதை இந்தத் தெருவில் கேட்காதவர்கள் யாரும் இல்லை. கேட்காதவர்கள் வீட்டுக்கு நான் போய்ச் சொல்லிவிட்டேன்.

இப்போது நீ பஸ்ஸில் ஏறும்போது சொன்னதற்கு வருகிறேன். "என் கடைசி வேலை உன் வீட்டு வேலையா முடிஞ்சதுக்கா. நல்லதாப் போச்சு" என்றாய். பஸ் கிளம்பிவிட்டது, பதில் சொல்ல முடியவில்லை. இதுதான் பதில்.

நீ சொல்லியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். குக்கரைக் காட்டி ஒரு நிமிஷம் சொல்லியிருந்தால் போதும். சொல்லாதது உன் தப்புத்தான். அதை நான் இல்லை என்று சொல்லப் போவதில்லை. ஆனால் தப்புச் செய்தவன் வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டால் யாருக்கு என்ன லாபம்? நான் வெட்டியது எவ்வளவு பெரிய தப்பு! அதற்காக நான் துணி துவைப்பதை நிறுத்திவிட்டேனா?

நீ போன மறுநாள் பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். குடம் கிடைத்துவிட்டதாம், அவள் அம்மா வீட்டில் இருந்ததாம். "எங்க வீட்லயும் சுவர்ல ஒரு கம்பி ஓடுது. அது எதுக்கு?" என்று கேட்டாள். நான் சொன்னேன். தொட்டியைச் சொன்னேன், குழாயைச் சொன்னேன், குக்கர் வால்வைச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "இத்தனை நாள் இதை யாருமே சொல்லலையே" என்றாள். அடுத்த வீட்டுக்காரியைக் கூட்டி வந்தாள். இப்போது ஏழு வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று பயந்துபோய் இருக்கிறார்கள். என் தம்பி வருவான், பல்பு வைத்துப் பார்ப்பான், பார்த்துவிட்டு அந்தக் கம்பி எதற்கு என்று அந்தந்த வீட்டுப் பெண்களுக்கு அவன் வாயாலேயே சொல்வான் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்டால் நீ யோசிப்பாய்.

நீ பாதி வேலை என்று எழுதினாயே, மீதி இங்கே ஏழு வீட்டில் கிடக்கிறது. செப்டம்பர் முதல் ஞாயிறு என்று சொல்லியிருக்கிறேன்.

லைசென்ஸ் இல்லாத ஆள் அடுத்தவர் போர்டில் கை வைக்கக் கூடாது என்று நடுவிலாள் சொல்கிறாள். சட்டமாம். ஆகவே 31-க்கு முன்னால் நீ ஆபீசுக்குப் போயாக வேண்டும். புதுப்பிக்கும் படிவத்தில் புதுப் போட்டோ ஒட்டச் சொல்வார்கள். பழையது செல்லாது. என் சுவரில் மாட்டியிருக்கும் போட்டோவில் நீ ஏணிமேல் நிற்கிறாய், தலை நிறைய முடி. எலக்ட்ரீஷியன் அதைப் பார்த்துவிட்டு, "இது உங்க தம்பியோட பையனா?" என்று கேட்டார். நாளைக்கே ஸ்டுடியோவுக்குப் போ. மீசைக்கு மை தடவாமல், இருக்கிற முகத்தோடு எடு. கருவிப் பை தோளில் இருக்கட்டும், படத்தில் விழாவிட்டாலும் பரவாயில்லை.

ஆபீசில் இரண்டு போட்டோ கேட்பார்கள். மூன்றாக எடு. மூன்றாவதை எனக்குத் தபாலில் போடு.

அக்கா